எங்கள் தெரு கொடுத்த நற்சான்று

கோமதிசங்கர் சாலை மிதிவண்டிப் பந்தயத்தில் தேசியச் சாம்பியன். எங்கள் தெருவில் யாரிடம் இதைச் சொன்னாலும், "அது சரி, வேலை என்ன பாக்கான்?" என்று கேட்பார்கள். சைக்கிள் ஓட்டுவதுதான் வேலை, அதற்கு மலேசியாவில் ஒரு அணி மாதச் சம்பளம் தருகிறது என்று விளக்கினால், கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது சரி, வேலை?" என்பார்கள்.

எங்கள் தெரு திருநெல்வேலி டவுனில் ரத வீதிக்குப் பின்னால் ஒரு முறை வளைந்து போகும் சந்து. முப்பத்திரண்டு வீடுகள். ஓய்வுபெற்ற தாசில்தார்கள் இரண்டு பேர், தலைமையாசிரியர்கள் நான்கு பேர், சாம்பியன் ஒருவர். தெருக்கூட்டத்தில் நாற்காலி போட்டால் சாம்பியன் நின்றுகொண்டிருப்பார்.

அவர்கள் குடும்பத்துக்குச் சேரன்மகாதேவிப் பக்கம் வயல் இருந்தது. வயல் போய் நாற்பது வருடம் ஆகிறது. "எங்க வயல்" என்ற பேச்சு மட்டும் இன்னும் போகவில்லை. அப்பா தாலுகா அலுவலகத்தில் எழுத்தர். கோமதிசங்கர் பத்தாம் வகுப்பு படிக்கும்போது இறந்துவிட்டார். அம்மா ராஜராஜேஸ்வரி குடும்ப ஓய்வூதியத்தில் அவரை வளர்த்தார்.

பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் எல்லோருக்கும் இலவச சைக்கிள் கொடுத்தது. மற்றவர்கள் அதை விற்றார்கள், இல்லையென்றால் சித்தப்பாவுக்குக் கொடுத்தார்கள். கோமதிசங்கர் அதை எடுத்துக்கொண்டு பாபநாசம் வரை போய்விட்டு, பள்ளி மணி அடிப்பதற்குள் திரும்பி வந்தார். போக வரத் தொண்ணூறு கிலோமீட்டருக்கு மேல். தலைமையாசிரியர் அவரை மேடையில் ஏற்றி, இவ்வளவு நேரம் கணக்குப் போட்டிருந்தால் எவ்வளவு மார்க் வாங்கியிருக்கலாம் என்று விளக்கினார்.

வேகத்தைக் கற்றுக்கொடுத்தவை உவரி மீன் வேன்கள். காலையில் மீன் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலி சந்தைக்கு வரும் வேன்களை நாங்குநேரி பக்கத்தில் பிடிப்பார். வேனுக்குப் பின்னால் இரண்டு அடி இடைவெளியில் ஒட்டிக்கொண்டால் எதிர்க்காற்று இல்லை, ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வரலாம். ஐஸ் தண்ணீர் மட்டும் மேலே தெறிக்கும். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியதும் ராஜராஜேஸ்வரி அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார். தலைமுறை தலைமுறையாக முட்டைகூட நுழையாத வீடு.

"ஏலே, எங்கன போயி என்ன திங்க?"

"திங்கலம்மா. மீன் வண்டிக்குப் பின்னால வாரேன். காத்துக்கு."

"காத்து வாங்க இந்த ஊருல வேற எடமே இல்லியாலே?"

ஒரு மாதம் அவருக்குத் தட்டும் டம்ளரும் தனி. அந்த ஒரு மாதத்தின் முடிவில்தான் மாவட்டப் போட்டியில் முதலிடம் வந்தார். பிறகு மாநிலம். இருபத்து நான்காவது வயதில் நூற்றைம்பது கிலோமீட்டர் பந்தயத்தில் தேசியச் சாம்பியன். அடுத்த வருடம் மலேசிய அணி அழைத்தது.

அங்கே அவருக்குக் கொடுத்த வேலை, அணித் தலைவருக்கு முன்னால் ஓட்டிக் காற்றைத் தடுப்பது. மற்றவர்களுக்குத் தாகம் எடுத்தால் பின்னால் வரும் காரிலிருந்து ஏழெட்டுத் தண்ணீர்ப் பாட்டில்களைச் சட்டைக்குள் திணித்து எடுத்துப்போய்க் கொடுப்பது. இது பெரிய வேலை, எல்லோராலும் முடியாது. ஆனால் அதை எங்கள் தெருவில் விளக்கியது அவர் செய்த தவறு. தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஐயம்பெருமாள் அண்ணாச்சி கேட்டார்: "தண்ணி சொமக்கவா வே மலேசியா போனீரு? இங்கன கல்யாண மண்டபத்துல ஆள் கெடைக்காம தவிக்காங்க."

மூன்று வருடம் சுமந்தார். தாய்லாந்தில் ஒரு நாள் பந்தயத்தில் தலைவர் கீழே விழுந்துவிட, இவரே முதலில் வந்தார். அணி ஒரு முடிவு செய்தது: வருகிற பிப்ரவரியிலிருந்து கோமதிசங்கர்தான் தலைவர், மற்றவர்கள் அவருக்குத் தண்ணீர் சுமப்பார்கள். இரண்டு வருட ஒப்பந்தம். ஜனவரி கடைசியில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அவருக்கு வயது இருபத்தெட்டு. இந்த விளையாட்டில் இப்படி ஒரு வாய்ப்பு இரண்டாவது தடவை வராது.

தாய்லாந்து வெற்றியோடு இன்னொன்றும் சேர்ந்து வந்தது. ஊக்கமருந்து சோதனைப் பட்டியலில் அவர் பெயர் ஏறியது. அதில் இருப்பவர்கள் தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்போம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒரு அதிகாரி சொல்லாமல் வருவார், சிறுநீரைப் பிடித்து, சீல் வைத்த பெட்டியில் எடுத்துக்கொண்டு போவார். பன்னிரண்டு மாதத்தில் மூன்று தடவை ஆள் இல்லை என்றால் இரண்டு வருடம் தடை. ஊக்கமருந்து சாப்பிட்டாரா இல்லையா என்ற பேச்சே கிடையாது. பந்தயம் இல்லாத மாதங்களில் டவுன் வீட்டில் இருப்பதால், காலை ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரை வீடு என்று கோமதிசங்கர் எழுதிக் கொடுத்தார்.

முதல் தடவை தவறு அவருடையது. அக்டோபரில் நாங்குநேரியில் ஒரு பாராட்டு விழா. சிறப்பு விருந்தினர் தாம் சின்ன வயதில் சைக்கிள் பழகியதைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். சாம்பியனுக்கு இரண்டு நிமிடம். அவருக்குக் கொடுத்த கேடயத்தின் உச்சியில் ஒரு பொம்மை கிரிக்கெட் மட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது. விழா இழுத்துக்கொண்டு போனதால் அம்மாவோடு உறவினர் வீட்டிலேயே தங்கிவிட்டார், இடம் மாறியதைத் தெரிவிக்க மறந்துபோனார். காலையில் மதுரையிலிருந்து வந்த அதிகாரி பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டு போனார். ஒன்று.

அம்மா அப்போது அவருக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவையைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர் வழக்கம் ஒன்று தெரிய வேண்டும். பெண் வீட்டார் முறையாக வருவதற்கு முன்னால் அவர்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு ஆள் வருவார். விடியற்காலையில், சொல்லாமல் வருவார். எதற்கு வந்தேன் என்று சொல்லமாட்டார். பையனைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்பார். வீட்டை நோட்டம் விடுவார், தெருமுனைக் கடையில் விசாரிப்பார். இந்த ஆளுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பது எங்கள் தெருவில் பேசத் தெரிந்த அனைவருக்கும் தெரியும்.

நவம்பரில் மதுரை அதிகாரி மறுபடியும் வந்தார். விதிப்படி அவரும் எதற்கு வந்தேன் என்று மற்றவர்களிடம் சொல்லக்கூடாது.

"கோமதிசங்கர் இருக்காரா? தனியாப் பார்க்கணும்."

"என்ன விஷயமாய்யா?"

"அதை அவர்கிட்டதான் சொல்லணும்."

ராஜராஜேஸ்வரி அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் மகனைக் காட்ட முடியாது. மகன் மாடியில் இறுக்கமான அரைக்கால் சட்டையுடன், ஓடாமல் நிற்கும் பயிற்சி சைக்கிளில் மிதித்துக்கொண்டிருந்தார். சைக்கிள் வீரர்கள் கால் முடியை மழித்துவிடுவார்கள், அது வேறு. வழுவழுவென்று கால் இருக்கும் மாப்பிள்ளையை எந்தத் தாய் காட்டுவாள்?

"தம்பி சென்னையிலல்லா இருக்கான். ஆபீஸ் விஷயமா."

"மாடியில என்ன சத்தம்?"

"கிரைண்டர். இட்லிக்கு மாவு ஆட்டுது."

ஐம்பது நிமிடம் மாவு ஆட்டியது. அதிகாரி வெளியே காத்திருந்தார். ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கோமதிசங்கரின் எண்ணுக்குக் கூப்பிட்டார். கீழே மின்னேற்றியில் கிடந்த கைப்பேசி ஒலித்தது. அம்மா அதை அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டார். இரண்டு.

கோமதிசங்கர் அன்று அம்மாவிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார். இன்னொரு தடவை இப்படி ஆனால் மலேசியா இல்லை, தலைவர் பதவி இல்லை, இரண்டு வருடம் பந்தயமே இல்லை என்றார். அம்மா அழுதார். யார் வந்தாலும் நேராக மாடிக்கு அனுப்புகிறேன் என்று சத்தியம் செய்தார். அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தார்.

டிசம்பரில் ஒரு காலை ஆறேகாலுக்கு வந்தவர் நமச்சிவாயம். அம்பாசமுத்திரத்தில் ஒரு பெண்ணுக்குத் தாய்மாமன், உண்மையாகவே விசாரிக்க வந்தவர். பையனைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று அவர் வாயெடுப்பதற்குள் அம்மா கதவை அகலத் திறந்தார்.

"வாங்க ஐயா, வாங்க. காலையிலேருந்து ஒண்ணுக்குப் போகாம உங்களுக்காக அடக்கிக்கிட்டு இருக்கான்."

நமச்சிவாயம் படியில் ஒரு காலை வைத்தபடியே நின்றார்.

"எனக்காகவா?"

"உங்க கண்ணு முன்னாலதான் போகணுமாமே. மாடிக்குப் போங்க. பாத்திரம் கொண்டாந்திருக்கீங்களா, நான் தரட்டுமா?"

அவர் காப்பிகூடக் குடிக்காமல் பேருந்து ஏறினார். அடுத்த வாரம் அம்பாசமுத்திரம் முழுக்க இந்தக் குடும்பத்தின் உபசாரம் பற்றிய பேச்சுதான். கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்திருந்த இன்னொரு ஜாதகமும் திரும்பிப் போனது.

தெரு கூடியது. ஐயம்பெருமாள் அண்ணாச்சிதான் வழி சொன்னார். எங்கள் தெருவில் பதினைந்து வருடத்தில் பதினொரு கல்யாணம் அவர் வார்த்தையில் முடிந்திருக்கிறது. எங்கள் அக்கா கல்யாணமும் அதில் ஒன்று. பையன் குடிப்பானா என்று கேட்டால், "காப்பியே ஆத்தித்தான் குடிப்பான்" என்பார்.

"இனிமே வாரவன எங் கடையில நிறுத்துதேன்" என்றார். "என்ன சோலியா வந்தேன்னு கேப்பேன். சோதனைக்குன்னு சொன்னா, நேரா உங்க வீடு. சொல்லாம முழிச்சான்னா பொண்ணு வீடு. பொண்ணு வீட்டுக்காரன இந்தச் சந்துக்குள்ள விட வேண்டாம், அந்த மூத்திரக் கதைய யாராச்சும் சொல்லிருவான். நேரா பெருமாள்புரத்துக்குக் கூட்டிட்டுப் போயிருவோம்."

பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் கோமதிசங்கரின் பெரியப்பா மகேஸ்வரனுக்கு மாடி வீடு, கார், வாசலில் கிரானைட். பெண் வீட்டாரிடம் அதைப் பையனின் வீடு என்று காட்டுவது ஏற்பாடு. பின்னால் தெரியவந்தால் கூட்டுக்குடும்பம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இந்தத் திட்டத்தில் இருந்த ஓட்டையை யாரும் பார்க்கவில்லை. சோதனைக்கு வந்தேன் என்று சொல்லக்கூடாது என்பதுதான் அந்த அதிகாரிகளின் முதல் விதி. கோமதிசங்கருக்கு அது தெரியும். ஆனால் கூட்டத்துக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை.

தை மாதம் ஒன்பதாம் தேதி. இந்தத் தடவை வந்தவர் புதிய அதிகாரி, பெயர் அருமைநாயகம். எங்கள் சந்தில் பழைய கதவு எண்ணும் புதிய எண்ணும் கலந்து கிடப்பதால் கடையில் வழி கேட்டார்.

"என்ன சோலியா வந்திய?"

"அவரத் தனியாப் பார்க்கணும்."

"என்னன்னு சொன்னா…"

"அதச் சொல்லக்கூடாதுங்க."

அண்ணாச்சிக்குச் சந்தேகமே இல்லை. "அவங்க இங்கன இருந்து மாறிட்டாங்க ஸார். தங்கமான பையன். சைக்கிள் கிறுக்கெல்லாம் விட்டு வருசம் ரெண்டாச்சு. வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

ஆட்டோவில் ஏற்றி, ஜங்ஷன் மேம்பாலம் ஏறி, ஆற்றுப் பாலத்தைக் கடந்து, வண்ணார்பேட்டை தாண்டி பெருமாள்புரத்தில் இறக்கினார். பெரியப்பா வாசலுக்கே வந்து வரவேற்றார். பையன் பூஜையில் இருக்கிறான் என்றார். கேசரி வந்தது, காப்பி வந்தது.

அதே நேரம் கோமதிசங்கர் டவுன் வீட்டில், கதவை அகலத் திறந்துவைத்து, இடுப்பில் லுங்கிச் சாரம் கட்டிக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தார். சந்தின் வளைவு மறைப்பதால் அண்ணாச்சி கடை அங்கிருந்து தெரியாது. ஆறரைக்குப் பெரியப்பா அம்மாவுக்குப் போன் செய்தார். அம்மா சத்தம் காட்டாமல் ஒரு பட்டு வேட்டியை எடுத்து இஸ்திரி போட்டார். ஜரிகை மடங்காமல் போட வேண்டும் என்பதால் பதினைந்து நிமிடம் ஆயிற்று. பிறகு வேட்டியோடு வந்து நின்றார்.

"பெரியப்பா வீட்டுக்குப் போயிட்டு வந்துருலே. ஒருத்தர் வந்திருக்காராம்."

"ஏழு மணி வரைக்கும் அசைய முடியாதும்மா. யாரு?"

"பேரு ஊரு ஒண்ணும் சொல்ல மாட்டேங்காராம். பெரிய எடம்னு நெனைக்கேன். நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டி வச்சிருக்காராம், பூட்டு சீல் எல்லாம் இருக்காம்."

கோமதிசங்கர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு நாற்பத்தாறு. சாரத்தை மடித்துக் கட்டினார், சைக்கிளை எடுத்தார். கைப்பேசியை எடுக்கவில்லை.

அவர் வாழ்க்கையில் ஓட்டிய மிகச் சிறந்த ஓட்டம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். பால் வண்டி, பள்ளிக்கூட வேன், மேம்பாலத்தின் மேல் குறுக்கே போன ஒரு மாடு, வண்ணார்பேட்டையில் வட்டமடிக்கும் பேருந்துகள், இத்தனைக்கும் நடுவில் பன்னிரண்டு நிமிடத்தில் பெருமாள்புரம் போய்ச் சேர்ந்தார். சைக்கிளில் இருந்த மீட்டர் சராசரி முப்பத்தேழு என்று காட்டியது.

பெரியப்பா கேசரித் தட்டோடு வாசலில் நின்றார். "கால்மணி நேரமாச்சுலே அவரு போயி. ஹால்ல எங்க குடும்பப் போட்டோவப் பாத்தாரு. இதுல பையன் யாருன்னு கேட்டாரு. நீ அதுல இல்ல பாத்துக்கோ. சரியான வீட்டுக்கே போறேன்னு கெளம்பிட்டாரு."

அருமைநாயகம் நேர்மையான மனிதர். ஏதோ தவறு என்று தெரிந்ததும் கைப்பேசி வரைபடத்தைப் பார்த்து, வேறு ஆட்டோ பிடித்து, எழுதிக் கொடுத்த முகவரிக்கே போனார். ஆற்றுப் பாலத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் கடந்திருக்க வேண்டும். ஆறு ஐம்பத்தெட்டுக்கு டவுன் வீட்டுக்கு வந்தார். கதவு திறந்திருந்தது.

"இப்பத்தான் வெளிய போனான்" என்றார் அம்மா. சோதனைக்கு வந்தவர்களிடம் அவர் சொன்ன முதல் உண்மை அதுதான். அதுவும் சீட்டில் ஏறியது. மூன்று.

ஏழு பத்துக்குக் கோமதிசங்கர் திரும்பி வந்தார். சோதனை எடுத்தார்கள். எந்த மருந்தும் இல்லை என்று பின்னால் முடிவு வந்தது. ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்குள் அவர் வீட்டில் இல்லை என்பதை அது மாற்றாது.

விசாரணைக் குழுவுக்கு எழுத பதினான்கு நாள் கொடுத்தார்கள். வழக்கறிஞர் தெளிவாகச் சொன்னார்: அதிகாரியை வேறு வீட்டுக்குத் திருப்பிவிட்டவர் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டால், மூன்றாவது தடவையை ரத்துசெய்ய வாய்ப்பு இருக்கிறது. அது இல்லாமல், தாமே வீட்டை விட்டுப் போனார் என்றுதான் ஆகும்.

கோமதிசங்கர் கடைக்குப் போனார். வெல்லம் வாங்கப் போன நானும் அங்கே நின்றேன்.

"பொய் சொன்னேன்னு எழுதித் தாங்க அண்ணாச்சி. ரெண்டு வரி போதும்."

"நான் எங்க வே பொய் சொன்னேன்? கொஞ்சம் கூட்டிச் சொன்னேன்."

"மாறிட்டாங்கன்னு சொன்னீங்க. எங்க வீடு மாறவே இல்ல."

அண்ணாச்சி தராசைத் துடைத்தார். "தம்பி, நான் ஒருத்தனுக்குப் பொய் சொன்னேன்னு கையெழுத்துப் போட்டா, பதினொரு சம்பந்திமாரும் நாளைக்கு இங்கன வந்து நிப்பாங்க. எங்களுக்கு என்னத்தச் சொன்னேன்னு கேப்பாங்க. உமக்கு ரெண்டு வருசம். பைய ஓட்டிக்கிடலாம். அவங்களுக்கு அப்படியா?"

அன்று மாலையே பதினொரு வீட்டுக்காரர்களும் அண்ணாச்சியைப் பார்க்கப் போனார்கள். கையெழுத்துப் போடச் சொல்ல அல்ல. எங்கள் அப்பாவும் போனார். திரும்பி வந்து, "பாவம் அந்தப் பையன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். எனக்கு அன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. பெரியப்பாவும் எழுதவில்லை. வீட்டைப் பற்றிப் பொய் சொன்னார் என்று பதிவானால் தம் ஓய்வூதியர் சங்கத் தலைவர் பதவி என்ன ஆவது என்று கேட்டார்.

எழுதியது ராஜராஜேஸ்வரி அம்மா மட்டும்தான். வரி போட்ட தாளில், தம் கையெழுத்திலேயே. "என் மகன் சென்னையில் இருக்கிறான் என்று நான் சொன்னது பொய். அது கிரைண்டர் இல்லை. கைப்பேசியை அரிசிப் பானையில் போட்டது நான். மூன்றாவது தடவை அவன் பெரியப்பா வீட்டுக்கு அவனை அனுப்பப் பார்த்ததும் நான்தான். அவன் வழுவழுவென்று கால் வைத்திருப்பது தொழிலுக்காக. நான் வெட்கப்பட்டது தப்பு." தெருவில் இதைக் கேள்விப்பட்டவர்கள், கடைசி வரியையாவது விட்டிருக்கலாம் என்றார்கள்.

குழு அவர் சொன்னதை நம்பியது. கதவைத் திறப்பவர் என்ன சொல்கிறார் என்பதற்கு வீரரே பொறுப்பு என்றும் சொல்லியது. தாயின் கடிதத்துக்காக ஆறு மாதத்தைக் குறைத்துப் பதினெட்டு மாதத் தடை விதித்தது. மலேசிய அணி நான்கு வரியில் வருத்தம் தெரிவித்து வேறொருவரைத் தலைவராக்கியது.

கோமதிசங்கர் யாரிடமும் சண்டை போடவில்லை. விக்கிரமசிங்கபுரத்தில், மலை ஏறும் சாலைக்குப் பக்கத்தில், இரண்டு பக்கமும் வாழைத்தோட்டமாக இருக்கும் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார். அக்கம்பக்கம் கிடையாது. அதற்காகவே அதை எடுத்தார். கதவில் தம் பெயரை ஒரு முழ உயரத்தில் எழுதிவைத்தார். காலையில் ஓட்டுகிறார், மத்தியானம் அணைக்கரையோரம் ஒரு கடையில் பம்ப் செட் பழுது பார்க்கிறார். அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்தில் சாம்பார்ச் சாதத்தோடு போய் வருகிறார். எங்கள் தெருவில், பையன் தனி வீடு எடுத்துப் போயிருப்பதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும் என்று பேசிக்கொள்கிறார்கள்.

தடை இருந்தாலும் சோதனை நிற்காது. அருமைநாயகம் இதுவரை நான்கு தடவை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார். கதவைத் தட்ட வேண்டிய தேவை ஒரு தடவையும் வரவில்லை. எங்கள் தெருவிலிருந்து இன்னும் யாரும் போகவில்லை.